பல் தேய்த்தவர்கள் மட்டும் ஏறவும்

எங்கள் ஊரிலேயே அதிகம் சத்தம் போடுகிற மனிதன் பெலெனாட்டோ. சவாயித் தீவின் இந்தப் பக்கத்தில் பதினாறு வருஷம் பஸ் ஓட்டியவன். பஸ்ஸின் நெற்றியில் 'பயப்படாதே' என்று பெயர் எழுதியிருக்கும். அதைப் படித்த பிறகுதான் பலருக்குப் பயமே வந்தது. விடிவதற்கு முன்னால் வண்டியைத் தெருவில் ஊரவிட்டுக்கொண்டே கப்பல்துறை ஊரின் பெயரைக் கத்துவான்.

"சலேலொலோகா! சலேலொலோகா! கப்பலுக்குப் போறவங்க ஏறுங்க! தூங்குறவங்க நல்லா தூங்குங்க, அப்புறம் வந்து என்னைத் திட்டாதீங்க!"

எங்கள் ஊர்ச் சேவல்கள் அவன் கத்தி முடித்த பிறகுதான் கூவும்.

நான் அசெனாட்டி. அவனுக்கு எதிர் வீடு. எதிர் வீடு என்றால், எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்கள்தான். ஆகவே அவன் குடும்பத்தில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அதோடு நான் ஊர் மகளிர் கமிட்டியின் செயலாளர். மாதம் ஒரு நாள் சீருடை போட்டுக்கொண்டு, கையில் விசிறியோடு வீடு வீடாகப் போவோம். பாய் உதறியிருக்கிறதா, கழிப்பறை கழுவியிருக்கிறதா, பிள்ளைகள் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்ப்போம். தேறாத வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் கமிட்டி வீட்டு முற்றத்தில் புல் பிடுங்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் சபையில் சிங்கம்போல் பேசுவார்கள். எங்களைத் தூரத்தில் கண்டால் பாயைத் தாங்களே உதறுவார்கள்.

பெலெனாட்டோவுக்கு நாற்பத்து மூன்று வயதில் கால் போயிற்று. முழுக் கால் இல்லை, இடது காலில் இரண்டு விரல். மீன் பிடிக்கப் போனபோது பவளப்பாறை கிழித்தது அவனுக்குத் தெரியவே இல்லை. உடம்பில் அவ்வளவு சர்க்கரை, காலில் அவ்வளவு மரத்துப்போன தோல். ஒரு நடைக்கு மூன்று பாட்டில் ஆரஞ்சு சோடா குடித்தவனுக்கு வேறென்ன ஆகும்? விரல்களை எடுத்துவிட்டுக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். பஸ் முதலாளி அவனுடைய ஒன்றுவிட்ட தம்பிதான். "கால் ஆறட்டும் அண்ணே, அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டான். கால் ஆறியது. தம்பி மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆகவே அவன் மனைவி தெமுகிசா நியூசிலாந்துக்குப் போனாள். ஆப்பிள் அடுக்கும் கொட்டகையில் ஏழு மாத வேலை. கப்பல்துறையில் அவள் அழவில்லை. கட்டளை போட்டாள்.

"ருத்தாவுக்குத் தொண்டை வலின்னா அன்னைக்கே நர்ஸ்கிட்ட காட்டணும். ஃபேத்து கொசுக்கடியைச் சொறிவான், நகத்தை வெட்டணும். காதுல விழுதா?"

"விழுது, விழுது. போய்ட்டு வா. பதினாறு வருஷம் ஒரு ஊரையே ஏத்தி இறக்கியிருக்கேன், ரெண்டு பிள்ளைய வளக்க மாட்டேனா?"

ருத்தாவுக்கு ஐந்து வயது. ஃபேத்துவுக்கு மூன்று. ஆறே வாரத்தில் இருவரும் பெலெனாட்டோவைத் தோற்கடித்தார்கள். காலையில் வேகவைக்காத நூடுல்ஸை நொறுக்கித் தின்றார்கள். மத்தியானம் சிப்ஸ். ஃபேத்துவின் கால் முழுக்கச் சொறிந்து சொறிந்து புண். ருத்தாவின் முன்பல் இரண்டு கொக்கோ நிறத்துக்கு வந்துவிட்டன. பல் தேய்க்கச் சொன்னால் அவள் மாமரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இரண்டு விரல் இல்லாதவன் மரம் ஏற முடியாது என்பதை அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

துடைப்பக்குச்சியை எடுத்து மிரட்டிப் பார்த்தான். ஃபேத்து அந்தக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

ஒரு திங்கட்கிழமை ருத்தாவுக்கு உண்மையாகவே தொண்டை வலி வந்தது. மாவட்ட நர்ஸ் லோசா தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்தாள். மாத்திரை கொடுத்தாள். பிறகு பெலெனாட்டோவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கழுவி ஊற்றினாள். நானும் அங்கே இருந்தேன். எனக்கும் சேர்த்து விழுந்தது.

"இந்தத் தொண்டை வலி கீழே இறங்கி இதயத்தைப் பிடிச்சிக்கும். தெரியுமா உங்களுக்கு? கை கழுவணும், பல் தேய்க்கணும், கீரை திங்கணும், நேரத்துக்குத் தூங்கணும், ஓடி விளையாடணும். இதுல ஒண்ணாவது உங்க வீட்டுல நடக்குதா?"

"ஓடுறது நடக்குது. நான் கூப்பிட்டதும் ஓடிடுறாங்க" என்றான் பெலெனாட்டோ.

லோசா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவனும் சிரிக்கவில்லை. ருத்தாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தான். அந்த ஒரு கிலோமீட்டரும் அவன் சத்தம் போடாமல் வந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

மாத்திரை முடிந்து ருத்தா தேறிய மறுநாள் காலையே மறுபடியும் மாமரத்துக்குப் போய்விட்டாள். பெலெனாட்டோ கீழே நின்று கெஞ்சினான், திட்டினான், அம்மாவிடம் போனில் சொல்லிவிடுவேன் என்றான். கடைசியில் சலித்துப்போய் வீட்டுப் படியில் உட்கார்ந்தான். பக்கத்தில் பெரிய பானையின் மூடி கிடந்தது. என்ன நினைத்தானோ, அதைக் கையில் எடுத்து ஸ்டியரிங்போல் திருப்பினான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சலேலொலோகா! சலேலொலோகா! வண்டி கிளம்பப் போகுது! ஏறு, ஏறு, ஏறு!"

மரத்திலிருந்து ருத்தா விழுந்தாளா, இறங்கினாளா என்று சொல்ல முடியாது. அவ்வளவு வேகம். எங்கிருந்தோ ஃபேத்துவும் வந்தான், இடுப்பில் துணி இல்லாமல்.

"நான் ஜன்னல் சீட்டு!" என்றாள் ருத்தா.

"டிக்கெட் எங்கே?"

"டிக்கெட் இல்லியே."

பெலெனாட்டோ ஒரு நிமிஷம் யோசித்தான். "இந்த வண்டியில பல்லுதான் டிக்கெட். வெள்ளைப் பல்லைக் காட்டுனா சீட்டு. இந்தக் கொக்கோ பல்லுக்கெல்லாம் கூரை மேலகூட இடம் கிடையாது."

இருவரும் பிரஷ்ஷைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். பிரஷ் கோழிக்கூண்டுக்கு அடியில் கிடந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கடைக்கு ஆள் அனுப்பிப் புதிதாக இரண்டு வாங்கினான். அன்றைக்குப் பஸ் நாற்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. பெலெனாட்டோவின் பஸ்ஸுக்கு அது வழக்கம்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாமே பஸ். இரண்டு மரப்பெட்டியும் தேங்காய் துருவும் பலகையும் இருக்கைகள். பெட்ரோல் போடுவது என்றால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது; ஒரு பாட்டு முழுதாக முடியும்வரை நுரை இருக்க வேண்டும். அவனுக்கு முழுதாகத் தெரிந்தது கோயில் பாட்டு ஒன்றுதான். அதன் வரிகளை மாற்றி, பாவத்தைக் கழுவுகிற இடத்திலெல்லாம் நக அழுக்கைப் போட்டுப் பாடினான். போதகர் ஒரு நாள் வேலிப் பக்கம் நின்று கேட்டுவிட்டார். பெலெனாட்டோ விறைத்து நின்றான். போதகர் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "ரெண்டாவது அடியில சுருதி போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

தேங்காய்ப் பாலில் வேகவைத்த சேப்பங்கிழங்கு இலையை ஃபேத்து தொடவே மாட்டான். இப்போது வாய்தான் பஸ் கதவு. "கூட்டமா வர்றாங்க, உள்ளே தள்ளிப் போங்க! பின்னால இடம் இருக்கு!" என்று அப்பன் கத்த, ஒவ்வொரு கவளமும் ஏறும். பப்பாளித் துண்டுகள் குண்டுப் பெண்கள்; அவர்களுக்குக் கதவை அகலத் திறக்க வேண்டும். வண்டி பழுதானால் இறங்கித் தள்ள வேண்டும். வண்டியைத் தள்ளுவது என்றால் வீட்டை மூன்று சுற்று ஓடுவது. பெலெனாட்டோவின் வண்டி ஒரு நாளைக்கு ஆறு முறை பழுதாகும்.

மழை விட்டதும் டிக்கெட் இல்லாத பயணிகளைப் பிடிக்கக் கிளம்புவார்கள். தேங்காய் ஓட்டில், பழைய டயரில், டப்பாவில் தேங்கிய தண்ணீரில் நெளிகிற கொசுப்புழுக்கள்தான் அந்தப் பயணிகள். கண்ட இடத்தில் கவிழ்த்துவிடுவார்கள். என் வீட்டுப் பின்னாலும் வந்து, நான் மலர்ச்செடிக்கு ஊறப்போட்டிருந்த வாளியைக் கவிழ்த்துவிட்டார்கள்.

"ஏண்டா, அது என் வாளி!"

"அத்தை, உங்க வாளியில முப்பது பேர் சும்மா பயணம் பண்றாங்க" என்றாள் ருத்தா. அவள்தான் கண்டக்டர். கண்டக்டரிடம் யார் பேச முடியும்?

டிரைவராலேயே பேச முடியவில்லை. ஒரு நாள் மத்தியானம் சமையல் கொட்டகைக்குப் பின்னால் அவன் ஒளிந்து நின்று ஆரஞ்சு சோடா குடித்துக்கொண்டிருந்தான். ருத்தா பார்த்துவிட்டாள்.

"வண்டியை நிறுத்து! டிரைவர் குடிச்சிருக்கார்! எல்லாரும் இறங்குங்க!"

"ஷ்ஷ்... கத்தாதடி. இது மருந்து."

"மருந்துன்னா லோசா நர்ஸ்கிட்ட கேக்கவா?"

அபராதமாக அவன் கடற்கரைவரை நடந்து திரும்ப வேண்டும் என்று கண்டக்டர் தீர்ப்புச் சொன்னாள். பின்னாலேயே இருவரும் போனார்கள், ஏமாற்றுகிறானா என்று பார்க்க. அந்த மாதம் அவன் பதினொரு தடவை கடலுக்கு நடந்தான். பன்னிரண்டாவது தடவையிலிருந்து சோடா வாங்குவதையே விட்டான். "நடந்து நடந்து கால் வலிக்குது அக்கா, அதான் விட்டேன்" என்றான் என்னிடம். ஒழுக்கமான காரணம் எதையும் அவன் ஒப்புக்கொள்வதில்லை.

இப்படியிருக்கும்போதுதான் எங்கள் சோதனை நாள் வந்தது.

கமிட்டித் தலைவி மதலேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய தலைவர் வீட்டு அம்மா. அகலமும் அதற்கேற்ற கௌரவமும் உடையவர். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். பெலெனாட்டோவின் பிள்ளைகளை அவர்களுடைய சொந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவர் முன்பே தீர்மானித்திருந்தார். "ஆம்பளை பிள்ளை வளக்கறதாம்! பன்னி வளத்தாலும் பொழைக்காது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நாங்கள் ஐந்து பேர் படியில் கால் வைத்தபோது பஸ் பாதி வழியில் இருந்தது. ருத்தா குறுக்கே கை நீட்டினாள்.

"கையைக் காட்டுங்க."

"என்னது?" என்றார் மதலேனா.

"நகம். காட்டினாத்தான் ஏறலாம்."

பெலெனாட்டோவின் முகம் வெளுத்துவிட்டது. "ருத்தா, பெரியம்மாவை விடு..." என்றான்.

மதலேனா காலையில் கிழங்குத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார். அவர் நகங்களில் அரைத் தோட்டம் இருந்தது. எங்கள் நால்வரின் பார்வையும் அங்கே போனது. அவரும் பார்த்தார். வாளியருகே போய்க் குனிந்து கை கழுவினார். பாட்டு முடிவதற்குள் அவர் கையை எடுக்க, "இன்னும் ஒரு அடி இருக்கு பெரியம்மா" என்றான் ஃபேத்து. மறுபடியும் சோப்புப் போட்டார்.

பிறகு எங்கள் ஐவரையும் ஏற்றினார்கள். இருக்கை மூன்று, ஆள் ஐந்து. எங்கள் பஸ்களில் இடமில்லை என்றால் மடியில் உட்கார வேண்டியதுதான். "அசெனாட்டி அத்தை, பெரியம்மா மடியில!" என்றாள் கண்டக்டர். நானும் ஒல்லியான ஆளில்லை. மதலேனாவின் மடியில் நான் உட்கார்ந்தேன். பெலெனாட்டோ தன்னை மறந்து ஹார்ன் அடித்தான். முதல் வளைவில் பெட்டி நொறுங்கியது.

தலைவி கீழே, செயலாளர் மேலே. விசிறி எங்கோ பறந்தது. ஃபேத்து மட்டும், "வண்டி பஞ்சர்!" என்று சந்தோஷமாகக் கை தட்டினான்.

மதலேனா எழுந்தார், உடையைத் தட்டினார், வீட்டையும் கழிப்பறையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எழுதிக்கோ" என்றார் என்னிடம். "பாய் சரி. கழிப்பறை சரி. பிள்ளைங்க சரி. வீட்டுச் சாமான் உடைஞ்சிருக்கு. தேறல. மூணு சனிக்கிழமை புல்லு."

அநியாயம்தான். நான் எழுதிக்கொண்டேன், அவர் மடியில் உட்கார்ந்துவிட்டு நியாயம் பேச எனக்கு வாய் வரவில்லை.

முதல் சனிக்கிழமை பெலெனாட்டோ இரண்டு பிள்ளைகளோடு புல் பிடுங்க வந்தான். அன்று கமிட்டி வீட்டில் நர்ஸ் லோசாவின் குழந்தை நாளும்கூட. எடை பார்ப்பது, ஊசி போடுவது. வழக்கமாக அந்த நாளில் கமிட்டி வீட்டிலிருந்து வருகிற அலறலுக்கு நாய்கள் ஊரைவிட்டுப் போய்விடும். அன்றைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளெல்லாம் முற்றத்துக்கு நழுவி வந்துவிட்டார்கள். இருபது பிள்ளைகள் வரிசையாகக் குந்தி, பஸ் போக ரோடு போடுகிறோம் என்று புல்லைப் பிடுங்கித் தள்ளினார்கள். பெலெனாட்டோ ஒரு புல்லைக்கூடத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

லோசா வாசலில் வந்து நின்றாள். "என் பிள்ளைங்க எங்கே?"

"வண்டியில இருக்காங்க. உனக்கு எத்தனை பேர் வேணும்?" என்றான். பிறகு திரும்பி, "எல்லாரும் கை கழுவிட்டு வாங்க! எடை மேடை வருது! வெயிட் பாக்காத வண்டி கப்பல்ல ஏறாது!"

ஒவ்வொருவராகப் போய்த் தராசில் நின்றார்கள். ஊசிக்கு அழுதார்கள்தான். அதை எந்தப் பஸ்ஸும் மாற்றாது. ஆனால் அழுது முடித்ததும் இருக்கை பிடிக்க ஓடினார்கள்.

லோசா அவனை மாதாமாதம் வரச் சொல்லிக் கேட்டாள். கமிட்டியில் இரண்டு மணி நேரம் சண்டை. மகளிர் கமிட்டி வீட்டுக்குள் ஆண்பிள்ளை வருவதா? முன்னோர் என்ன சொல்வார்கள்? கடைசியில் மதலேனா விசிறியால் தரையைத் தட்டினார். "வீட்டுக்குள்ளே வரக்கூடாது. படியில நிக்கலாம்." அடுத்த மாதம் மழை கொட்டியது. "மழைக்கு மட்டும் உள்ளே" என்றார். எங்கள் தீவில் மழை எப்போது விடுகிறது?

ஏழாவது மாதம் தெமுகிசா வந்தாள். தோளில் ஒரு பை, தலையில் ஒரு பை, கையில் இனிப்பும் சாக்லெட்டும் சோடாவும் நிறைந்த பெரிய பை. படியிலேயே ருத்தா நிறுத்தினாள். கை கழுவச் சொன்னாள். தெமுகிசா சிரித்துக்கொண்டே கழுவினாள். பிறகு ருத்தா அந்தப் பெரிய பையைத் திறந்து பார்த்து, "இதெல்லாம் வண்டியில ஏத்த முடியாது" என்று வெளியே வைத்தாள்.

தெமுகிசாவின் சிரிப்பு நின்றுபோனது.

"ஏழு மாசம் குளிர்ல நின்னு ஆப்பிள் அடுக்கினேன். ஒவ்வொரு வாரமும் இதுல ஒண்ணு, அதுல ஒண்ணுன்னு சேத்து வச்சேன். நான் இல்லாமலே எல்லாம் நல்லா ஓடுதுல்ல? அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

பாயில் உட்கார்ந்து அழுதாள். எதிர் வீட்டில் நான் திரையை இறக்கிவிட்டேன். ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான்.

பெலெனாட்டோ எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன். அன்று வைத்திருக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, "இன்னைக்கு வண்டிக்கு லீவு. அம்மா கொண்டாந்ததை உக்காந்து சாப்பிடுங்க" என்றான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரியெல்லாம் அந்தச் சின்னவன் உன்னைக் கேட்டு அழுவான். அதுக்கு என்கிட்ட எந்த பஸ்ஸும் இல்ல, தெமுகிசா" என்று சொன்னான். பிள்ளைகள் சாக்லெட்டை அப்பி அப்பித் தின்றார்கள். அவன் மட்டும் தொடவில்லை. பழைய காதலி அடுத்தவனோடு கோயிலுக்கு வருவதைப் பார்ப்பதுபோல் அந்த சோடா பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கைந்து நாள் தெமுகிசா அந்தப் பஸ்ஸில் விருந்தாளிபோல் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு சாயங்காலம் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது ஃபேத்துவைப் பாயில் உருட்டினாள்.

"இந்த ஆப்பிளைப் பாப்போம். கன்னம் நல்லாருக்கு. முட்டி நல்லாருக்கு. அடடா, இங்க ஒரு கொசுக்கடி! அடிபட்ட ஆப்பிள்! பெட்டிக்குப் போகாது, மருந்துக்குப் போகும்."

ஃபேத்து சிரித்துச் சிரித்து விக்கினான். அடுத்து ருத்தா தானே வந்து படுத்தாள். மறுநாளும் அதே வேளையில் இருவரும் பாயில் உருண்டு கிடந்தார்கள். பெலெனாட்டோ படியில் பானை மூடியோடு நின்று, "சலேலொலோகா!" என்று இரண்டு தடவை கத்தினான். ஒருவரும் திரும்பவில்லை.

"போட்டிக் கம்பெனி வந்துடுச்சு அக்கா" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். உண்மையாகவே பொறாமைப்பட்டான்.

"அப்பாவும் ஆப்பிள்! அப்பாவையும் உருட்டு!" என்றான் ஃபேத்து. மூவரும் சேர்ந்து அவனைப் பாயில் தள்ளினார்கள்.

"இது பூசணிக்காய், ஆப்பிள் பெட்டியில நுழையாது" என்று சொல்லிக்கொண்டே தெமுகிசா அவன் தொப்பையைத் தட்டினாள். தோளைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள். வலது பாதத்தைத் தூக்கினவள் அப்படியே நின்றாள்.

"இது எப்ப வந்தது?"

"எது?"

குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு புண், கட்டை விரல் நகம் அளவுக்கு. ஓரம் கறுத்திருந்தது. அவனுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. பிள்ளைகளின் உடம்பை ஏழு மாதமாகத் தலை முதல் கால்வரை பார்த்தவன், தன் பாதத்தை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

அவன் ஒரு வேடிக்கை சொல்லப் பார்த்தான். தெமுகிசா அவன் வாயைக் கையால் பொத்தினாள். மறுநாள் முதல் பஸ்ஸில், அதே 'பயப்படாதே'யில், அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பி வண்டி ஓட்டும் லட்சணத்தை வழி நெடுகக் குறை சொல்லிக்கொண்டே போனானாம். பத்து நாள் ஊசியும் கட்டும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்று லோசா என்னிடம் தனியாகச் சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை, அவன் அதையும் ஒரு கதையாக்கி ஊர் முழுக்கச் சொல்வான்.

ருத்தாவின் முன்பல் இரண்டையும் பிடுங்க வேண்டியிருந்தது. புதுப் பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. ஃபேத்துவின் காலில் தழும்புகள் போகவில்லை, புதுப் புண் வரவில்லை. தெமுகிசா இந்த வருஷமும் ஆப்பிளுக்குப் போயிருக்கிறாள். போகும் முன் மதலேனாவைப் பார்த்து ஏதோ பேசிவிட்டுப் போனாள். அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயில் முடிந்ததும் மதலேனா நேராக அவன் வீட்டுக்குப் போகிறார், கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்.

"காலைத் தூக்கு" என்கிறார்.

"பெரியம்மா, தெருவே பாக்குது."

"பாக்கட்டும். மத்த காலு."